ஒரு டாலர் ஆட்டத்துக்கு 50 டாலர் கைமுதல் எதுக்கு? ஆன்லைன் போக்கரில் சின்ன முதல் கரையும் கணக்கு

கையில் 20 டாலர். ஆன்லைன் போக்கர் டோர்னமென்ட்டின் நுழைவுக் கட்டணம் 5 டாலர். 'நாலு ஆட்டம் ஆடலாமே, ஒண்ணுலயாவது பரிசு விழாமலா போயிடும்?' என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும்.

நாலிலும் விழாமல் போவதற்குத்தான் வாய்ப்பு சற்று அதிகம். நன்றாக ஆடுபவருக்கும் கிட்டத்தட்ட இதே கதிதான். சின்னத் தொகையோடு வருபவர்கள் ஏன் சில நாட்களிலேயே காலியாகிறார்கள், அதைத் தள்ளிப்போட போக்கர் உலகம் என்ன கணக்கு வைத்திருக்கிறது, அந்தக் கணக்கு எங்கே கைவிடும்? பார்ப்போம்.

அதற்கு முன் ஒரு விஷயம். இந்தியாவில் இருந்து படிக்கிறவர்களுக்கு இது தெரிந்துகொள்வதற்கான கட்டுரை, ஆடச் சொல்வதற்கானது அல்ல. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்கிறது. திறமை விளையாட்டா, அதிர்ஷ்ட விளையாட்டா என்ற பேச்சுக்கே அதில் இடமில்லை. இத்தகைய விளையாட்டை நடத்தினால் 3 ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. ஆனால் போட்ட பணத்துக்குப் பாதுகாப்பும் இல்லை. அதைக் கடைசியில் பார்க்கலாம்.

கைமுதல் என்றால் என்ன?

போக்கர் ஆடுபவர்கள் 'பேங்க்ரோல்' என்று ஒன்றைச் சொல்வார்கள். நம்ம ஊர் கடைத்தெருவில் அதற்கு ரொம்ப காலமாகவே ஒரு சொல் இருக்கிறது: கைமுதல். வீட்டு வாடகை, பிள்ளைகளின் ஃபீஸ், மளிகை எல்லாம் போக, முழுசாகப் போனாலும் வீட்டில் அடுப்பு எரியும் என்ற நிலையில் ஆட்டத்துக்கென்று தனியாக ஒதுக்கிய பணம்.

பர்ஸில் இருப்பது கைமுதல் ஆகாது. கிரெடிட் கார்டில் இருப்பது கண்டிப்பாக ஆகாது. சம்பளம் வந்ததும் 'இந்த மாசம் ஒரு ரெண்டாயிரம் போட்டுப் பார்ப்போம்' என்று நினைப்பதும் கைமுதல் இல்லை, அது செலவு. இந்த வித்தியாசம் தெளிவாக இல்லாதவருக்குக் கீழே வரும் கணக்கு எதுவும் உதவாது.

டோர்னமென்ட் ஏன் இப்படிக் கடிக்கிறது?

ஒரு மாதிரி ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். 100 பேர். ஆளுக்கு 1 டாலர் 10 சென்ட். இதில் 1 டாலர் பரிசுத் தொகைக்குப் போகும். 10 சென்ட் தளத்தை நடத்தும் கம்பெனிக்கு. மொத்தப் பரிசு 100 டாலர். அதைக் கடைசி வரை நிற்கும் 15 பேருக்குப் பிரிக்கிறார்கள். முதலில் வருபவருக்கு 25, இரண்டாம் இடத்துக்கு 17, மூன்றாம் இடத்துக்கு 12 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பரிசு வரிசையில் கடைசியாக வருபவருக்கு இரண்டரை டாலர் போலக் கிடைக்கும். தளத்துக்குத் தளம் எண்கள் மாறும், ஆனால் சாயல் இதுதான்: பாதிப் பணத்துக்கு மேல் முதல் மூன்று பேருக்கே போய்விடுகிறது. மீதி 85 பேருக்கு ஒன்றுமில்லை.

அதாவது சாதாரண ஆட்டக்காரர் நூற்றுக்கு 85 தடவை வெறுங்கையோடு எழுந்து போவார். இது 'கெட்ட நேரம்' இல்லை. வழக்கமான நாளே அதுதான்.

இப்போது மேலே சொன்ன அந்த நாலு ஆட்டத்தைப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் பரிசு இல்லாமல் போக 85 சதவீதம் வாய்ப்பு. நாலிலும் சேர்ந்து ஒன்றுமே கிடைக்காமல் போக 52 சதவீதம். காசைச் சுண்டி 'தலையா பூவா' போடுவதைவிட மோசம். பத்து ஆட்டம் ஆடினாலும் ஐந்தில் ஒருவருக்கு ஒரு பரிசுகூட வராது. இருபது ஆட்டத்துக்குமே எதுவும் வராதவர் 25 பேரில் ஒருவர் இருப்பார். ஒரே நாளில் ஆயிரக்கணக்கானோர் ஆடும் இடத்தில் 25 பேரில் ஒருவர் என்பது அபூர்வம் இல்லை. அந்த ஒருவர் நீங்களாகவே இருக்கலாம்.

நல்லா ஆடுறவங்களுக்குமா?

ஆமாம். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள்.

முதல் மூன்று இடத்துக்குள் வர, சராசரி ஆட்டக்காரருக்கு 3 சதவீத வாய்ப்பு. நம்ம ஆள் கெட்டிக்காரர், 4 சதவீதம் என்று வைப்போம். சராசரியைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம், சின்ன விஷயம் இல்லை. அப்படிப்பட்டவருக்கும் வரிசையாக 50 டோர்னமென்ட் ஆடி ஒரு முறைகூட முதல் மூன்றுக்குள் வராமல் போக 13 சதவீத வாய்ப்பு இருக்கிறது. எட்டு கெட்டிக்காரர்களில் ஒருவருக்கு இது நடக்கும்.

அந்த 50 ஆட்டத்துக்கு அவர் கட்டியது 55 டாலர். நடுநடுவே ஐந்தாறு முறை சின்னப் பரிசு அடித்து 23 டாலர் போலத் திரும்ப வந்திருக்கும். 32 டாலர் நஷ்டம். 20 டாலரோடு வந்தவராக இருந்தால் பாதி வழியிலேயே ஆட்டம் முடிந்திருக்கும். தன் திறமை கைகொடுக்கும் ஆட்டம் வருகிறவரை அவரால் உட்கார்ந்திருக்க முடியாது.

'முதலுக்கே மோசம்' என்று நாம் சொல்வது இதைத்தான். லாபம் வருமா என்பதெல்லாம் அடுத்த கேள்வி. லாபம் வரும் நாள் வரை முதல் உயிரோடு இருக்குமா என்பதுதான் முதல் கேள்வி.

பூஜ்ஜியத்தில் தொடங்கிய சாம்பியன்

இதற்கு ஒரு புகழ்பெற்ற உதாரணம் உண்டு. கிறிஸ் ஃபெர்குசன். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் கணினி அறிவியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். 2000-ஆம் ஆண்டு லாஸ் வேகாஸில் நடந்த உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியை ஜெயித்து 15 லட்சம் டாலர் வாங்கியவர்.

2006-ல் அவர் ஒரு காரியம் செய்தார். தான் பங்குதாரராக இருந்த ஃபுல் டில்ட் போக்கர் தளத்தில், ஒரு சென்ட்கூடப் போடாமல் கணக்கைத் தொடங்கி, அதை 10,000 டாலர் ஆக்கிக் காட்டுவதாக அறிவித்தார். பணம் போடாமல் எப்படி ஆடுவது? 'ஃப்ரீரோல்' என்று ஒரு வகை உண்டு. நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆயிரக்கணக்கில் கூட்டம் மொய்க்கும், மணிக்கணக்கில் ஆட வேண்டும், ஜெயித்தால் கிடைப்பது ஓரிரு டாலர்.

உலக சாம்பியன் அந்தக் கூட்டத்தில் போய் உட்கார்ந்தார். பல மாதங்களுக்கு அவரால் பத்து டாலரைக்கூடக் கையில் நிற்க வைக்க முடியவில்லை. ரெண்டு டாலர் வரும், ஆறு டாலர் ஆகும், மறுபடி பூஜ்ஜியம். ஒருவழியாகச் சில டாலர்கள் கையில் தங்கிய பிறகு, ஒரு டாலர் டோர்னமென்ட் ஒன்றில் கிட்டத்தட்ட 700 பேரில் இரண்டாவதாக வந்து 100 டாலருக்குச் சற்று மேல் வாங்கினார். அதன் பிறகு ஏற்றம்தான். மொத்தம் 16 மாதங்கள் போல எடுத்து, 2007-ல் 10,000 டாலரைத் தொட்டார்.

அவர் தனக்குப் போட்டுக்கொண்ட விதிகள் எளிமையானவை. பலர் சேர்ந்து ஆடும் டோர்னமென்ட்டுக்குக் கைமுதலில் 2 சதவீதத்துக்கு மேல் கட்டக் கூடாது. ஒரே மேஜையில் முடியும் சின்னப் போட்டிக்கும், டோர்னமென்ட் இல்லாத சாதாரணப் பண ஆட்டத்துக்கும் 5 சதவீதம் உச்சவரம்பு. பண ஆட்டத்தில் ஜெயித்து ஜெயித்து, மேஜையில் இருக்கும் தொகை கைமுதலில் 10 சதவீதத்தைத் தாண்டினால் எழுந்து வந்துவிட வேண்டும். கைமுதல் ரொம்பச் சின்னதாக இருக்கும்போது மட்டும் விதிவிலக்கு: ஒரு டாலர் டோர்னமென்ட் ஆடிக்கொள்ளலாம்.

தலைப்பில் உள்ள கேள்விக்குப் பதில் இதுதான். ஒரு டாலர் என்பது 2 சதவீதமாக இருக்க வேண்டுமானால் கைமுதல் 50 டாலர் இருக்க வேண்டும். கம்பெனியின் 10 சென்ட்டையும் சேர்த்தால் 55. இதுவும் குறைந்தபட்சம்தான். மேலே பார்த்த அந்த 50 ஆட்ட வறட்சியில் 32 டாலர் போன பிறகும் இவரிடம் 23 டாலர் மிச்சம் இருக்கும். 20 டாலரோடு வந்தவரிடம் எதுவும் இருக்காது. கூட்டம் ஆயிரக்கணக்கில் இருக்கும் டோர்னமென்ட்டாக இருந்தால் 100 நுழைவுக் கட்டணம், இன்னும் எச்சரிக்கையானவர்கள் 200 என்று வைத்துக்கொள்வது வழக்கம்.

இறங்குவதுதான் கஷ்டம்

சதவீதக் கணக்கில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அது இன்றைய கைமுதலின் சதவீதம். முதல் நாள் போட்டதின் சதவீதம் இல்லை. 5,000 டாலர் இருந்தபோது 100 டாலர் ஆட்டம் ஆடியவர், 3,000-க்கு வந்ததும் 60 டாலர் ஆட்டத்துக்கு இறங்கியாக வேண்டும்.

சொல்வது சுலபம். மனுஷன் மனசு கேட்காது. போன வாரம் 5 டாலர் ஆட்டத்தில் 'பெரிய ஆள்' மாதிரி உட்கார்ந்துவிட்டு, இந்த வாரம் 2 டாலர் ஆட்டத்துக்குப் போவது கௌரவக் குறைச்சலாகத் தெரியும். அதைவிட மோசம், 'ரெண்டு டாலர் ஆட்டத்தில் ஜெயிச்சு விட்டதை எப்போ பிடிக்கிறது?' என்ற எண்ணம். உடனே 10 டாலர் ஆட்டத்துக்குத் தாவுவார்கள்.

விட்டதைப் பிடிப்பது என்பது சீட்டாட்ட மேஜையில் மட்டும் உள்ள வியாதி இல்லை, ஷேர் மார்க்கெட்டிலும் இதே கதைதான். ஆனால் போக்கரில் இதற்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள்: 'டில்ட்'. பழைய பின்பால் மெஷினை ஆத்திரத்தில் ஆட்டினால் 'டில்ட்' என்று விளக்கு எரிந்து மெஷின் நின்றுவிடும். அதிலிருந்து வந்த சொல். மெஷினுக்காவது அந்த விளக்கு இருக்கிறது.

ஃபெர்குசனின் விதிகளுக்கு மதிப்பு இங்கேதான். எப்போது இறங்குவது என்பதை ஆத்திரத்தில் இருக்கும் மூளை முடிவு செய்வதில்லை. நிதானமாக இருந்த நாளில் எழுதி வைத்த காகிதம் முடிவு செய்கிறது. மேலே ஏறுவதற்கும் இப்படி ஒரு கோடு போட்டுக்கொள்வார்கள். 55-ல் ஒரு டாலர் ஆட்டம், 110 வந்தால் இரண்டு டாலர் ஆட்டம், 80-க்கு வந்தால் மறுபேச்சில்லாமல் திரும்ப ஒரு டாலர். எண்களை அவரவர் மாற்றிக்கொள்ளலாம், தோற்றுக்கொண்டிருக்கும்போது மட்டும் மாற்றக் கூடாது.

கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள்

ஒரு டாலர் ஆட்டம் என்று பெயர் இருந்தாலும், அது ஒரு டாலரில் முடியாது.

'ரீ-என்ட்ரி' என்று போட்டிருந்தால், வெளியேறியவர் திரும்பவும் பணம் கட்டி உள்ளே வரலாம். மூன்று முறை வந்தால் அது மூன்று டாலர் ஆட்டம். 2 சதவீதத்தை அந்த மூன்று டாலருக்குத்தான் பார்க்க வேண்டும். வெளியேறிய அடுத்த நொடியே திரையில் 'மீண்டும் நுழைய' என்ற பட்டன் பளிச்சென்று வருவது தற்செயல் இல்லை. ஆத்திரம் ஆறுவதற்குள் விரல் அதைத் தொட்டுவிடும்.

'டர்போ' வகையில் கட்டாயப் பந்தயத் தொகை வேகமாக ஏறும். யோசிக்க நேரம் குறைவு, அதிர்ஷ்டத்தின் பங்கு அதிகம். நேரம் மிச்சம் என்று இதற்குப் போகிறவர்களுக்கு அதே கைமுதல் போதாது. நாலு மேஜையை ஒரே நேரத்தில் திறந்து ஆடினால், தலா 2 சதவீதம் என்று 8 சதவீதம் ஒரே சமயத்தில் வெளியே நிற்கிறது. அந்த நாலிலும் காலியாக 52 சதவீத வாய்ப்பு என்று ஏற்கெனவே பார்த்தோம்.

இதெல்லாம் பிடிபடுவது கணக்கு எழுதினால்தான். தேதி, என்ன ஆட்டம், எத்தனை முறை நுழைந்தது, மொத்தம் கட்டியது, வந்தது. மளிகைக் கடை நோட்டு போதும். ஜெயித்தது ஞாபகம் இருக்கும், தோற்றது மறந்துபோகும். நோட்டு அப்படி மறக்காது.

விதி காப்பாற்றாத இடம்

இவ்வளவும் சொன்ன பிறகு, பலர் சொல்லாமல் விடும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கைமுதல் விதி யாரையும் ஜெயிக்க வைக்காது.

சராசரி ஆட்டக்காரர் 1 டாலர் 10 சென்ட் கட்டுகிறார். நீண்ட காலத்தில் அவருக்குத் திரும்பக் கிடைப்பது சராசரியாக 1 டாலர். 100 ஆட்டம் ஆடினால் 110 கட்டி 100 வாங்குவார். அந்த 10 டாலர் கம்பெனிக்கு. 2 சதவீத விதியை அவர் எவ்வளவு ஒழுக்கமாகப் பின்பற்றினாலும், வாளியில் உள்ள ஓட்டை மூடாது. தண்ணீர் மெதுவாக ஒழுகும், அவ்வளவுதான். சராசரிக்குக் கீழே இருப்பவருக்கு இன்னும் வேகமாக ஒழுகும். எல்லோரும் தன்னைச் சராசரிக்கு மேலே என்றுதான் நினைத்துக்கொள்கிறார்கள். எல்லோருமே மேலே இருக்க முடியாது என்பது மூன்றாம் வகுப்புக் கணக்கு.

சரி, அந்தக் கெட்டிக்காரருக்கு என்ன கிடைக்கும்? கட்டணத்தில் 10 சதவீதம் லாபம் என்று வைப்போம். ஆட்டத்துக்கு 11 சென்ட். 500 ஆட்டம் ஆடினால் 55 டாலர். ஒரு ஆட்டத்துக்குச் சராசரியாக ஒன்றரை மணி நேரம் என்றால் 750 மணி நேரம். மணிக்கு ஏழு சென்ட்! 'வீட்டில் இருந்தே சம்பாதிக்கலாம்' என்று விளம்பரம் செய்தவர்கள் இந்தக் கணக்கை ஒருநாளும் போட்டுக் காட்டியதில்லை.

காட்டியது வேறு கதை. 2003-ல் டென்னசியைச் சேர்ந்த கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர் 86 டாலர் கட்டிய ஆன்லைன் தகுதிப் போட்டி வழியாக உலகப் போக்கர் தொடருக்குப் போய் 25 லட்சம் டாலர் ஜெயித்தார். நிஜமான கதைதான், அவர் பெயரும் நிஜமாகவே அதுதான். ஆன்லைன் போக்கர் உலகம் முழுக்கப் பரவியதற்கு அந்த ஒரு வெற்றி பெரிய காரணம். அந்தப் போட்டியில் மொத்தம் 839 பேர் ஆடினார்கள். ஊர் பேசியது ஒருவரைப் பற்றி.

ஆட்டத்துக்காகக் கடன் வாங்குவது, வீட்டில் மறைப்பது, தூக்கம் கெட்டுப் போவது என்று ஆரம்பித்துவிட்டால் அதற்குச் சதவீதக் கணக்கில் தீர்வு கிடையாது. இந்தியாவில் டெலி-மானஸ் உதவி எண் 14416-க்கு அழைத்துப் பேசலாம். கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.

பணம் எங்கே இருக்கிறது?

கைமுதலை 50 பங்காகப் பிரித்தாச்சு, நோட்டு போட்டாச்சு, நிதானமாக ஆடியாச்சு. அந்தக் கைமுதல் இருப்பது யாரிடம்?

ஃபெர்குசன் தன் சோதனையை நடத்திய அதே ஃபுல் டில்ட் தளத்துக்கு வருவோம். 2011 ஏப்ரல் 15 அன்று அமெரிக்க நீதித் துறை மூன்று பெரிய போக்கர் தளங்களின் மீது வழக்குப் போட்டு அவற்றின் இணைய முகவரிகளை முடக்கியது. போக்கர் ஆடுபவர்கள் அந்த நாளை இன்றும் 'கறுப்பு வெள்ளி' என்கிறார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் இன்னொரு குண்டு விழுந்தது. ஃபுல் டில்ட், ஆட்டக்காரர்களுக்குத் தர வேண்டிய தொகை சுமார் 39 கோடி டாலர். வங்கியில் இருந்தது சுமார் 6 கோடி. இது ஒரு போன்சி மோசடி என்றே அரசுத் தரப்பு சொன்னது. நிறுவனத்தின் உரிமையாளர்களுக்கும் இயக்குநர்களுக்கும் பல ஆண்டுகளில் 44 கோடி டாலர் போயிருந்தது என்பது குற்றச்சாட்டு. இயக்குநர்களில் ஒருவர் ஃபெர்குசன். அவர் மீதான சிவில் வழக்கு, தவறை ஒப்புக்கொள்ளாத சமரசத்தோடு 2013-ல் முடிந்தது.

அரசுத் தரப்பு சொன்ன இன்னொரு விவரம்: ஆட்டக்காரர்களின் வங்கிகளிலிருந்து வந்து சேராத பணத்தையும், வந்துவிட்டது போல அவர்களின் கணக்கில் எண்ணாகக் காட்டியிருந்தார்கள். அந்த வெறும் எண்களை வைத்து ஆட்டம் நடந்தது, சிலர் ஜெயித்தார்கள், சிலர் நிஜப் பணமாக வெளியே எடுத்தும் போனார்கள். நேர்மையாகச் சிறுகச் சிறுகச் சேர்த்தவரின் கணக்கிலும் எண் அப்படியே இருந்தது. எடுக்கத்தான் முடியவில்லை.

2012-ல் போட்டி நிறுவனமான போக்கர்ஸ்டார்ஸ் அமெரிக்க அரசோடு சமரசம் செய்து ஃபுல் டில்ட்டை வாங்கியது. மற்ற நாட்டு ஆட்டக்காரர்களுக்கு அந்த வழியாகப் பணம் திரும்பியது. அமெரிக்கர்கள் அரசிடம் விண்ணப்பித்துக் காத்திருந்தார்கள். முதல் தவணை அவர்கள் கைக்கு வர 2014 பிப்ரவரி ஆனது.

அங்கே பணத்தைக் கைப்பற்றிப் பிரித்துக் கொடுக்க ஓர் அரசு இருந்தது, வாங்கிப்போட இன்னொரு நிறுவனம் இருந்தது. இன்று தடையை மீறி, டெலிகிராம் லிங்க் வழியாகவோ யாரோ ஒரு ஏஜென்ட் வழியாகவோ வெளிநாட்டுத் தளத்தில் பணம் போடும் இந்திய ஆட்டக்காரருக்கு இந்த இரண்டுமே இல்லை. தளம் ஒரு நாள் திறக்கவில்லை என்றால், கைமுதலில் 2 சதவீதம் அல்ல, நூறு சதவீதமும் அன்றைக்கே போய்விடும்.